மாலே நகரில் ஒரு நாள்: கல்லும் மரமும் சொல்லும் சாட்சி



"நீங்கள் இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள்?" என்ற கேள்வியை நம்மில் அனேகமானோர் ஒரு தடவையாவது கேட்டிருப்போம். சில நேரம் உண்மையான ஆர்வத்தில் கேட்பார்கள், சில நேரம் வேறு நோக்கத்தில் கேட்பார்கள். நாம் சொல்லும் பதில் பெரும்பாலும் வாய்மொழிதான். "ஆயிரம் வருடத்துக்கு மேல்" என்போம். "அரபு வியாபாரிகள்" என்போம். "சரி, அதற்குச் சாட்சி எங்கே?" என்று அடுத்த கேள்வி வந்தால் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும்.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய ஒரு நகரம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் ஏறினால் சுமார் ஒன்றரை மணித்தியாலம். மாலைதீவின் தலைநகர் மாலே. 2018 டிசம்பர் விடுமுறையில் நாம் நான்கு ஆசிரியர்கள் அங்கு போயிருந்தோம். அதில் ஒரு முழு நாளை, காலை முதல் மாலை வரை, நகரத்தின் வீதிகளுக்கென்றே ஒதுக்கினோம். அன்று பார்த்ததையும், அதற்கு முன்னும் பின்னும் வாசித்து அறிந்ததையும் இங்கே ஒன்றாக எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

*கடலுக்கு மேலால் ஒரு பாதை*

மாலைதீவு என்றால் படகுதான் என்று நினைத்திருந்தோம். விமான நிலையம் இருப்பது ஹுல்ஹுலே என்ற தனித் தீவில். முன்பெல்லாம் அங்கிருந்து தலைநகருக்குப் படகில்தான் போக வேண்டும். நாம் போவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2018 ஆகஸ்ட் 30ஆம் திகதி, சீன உதவியுடன் கட்டப்பட்ட சினமாலே பாலம் திறக்கப்பட்டிருந்தது. இணைப்புப் பாதைகளோடு சேர்த்து சுமார் 2 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கடலைப் பார்த்து வாய் மூடுவதற்குள் மாலே வந்துவிட்டது.

ஏறத்தாழ 1,200 தீவுகள் கொண்ட நாட்டின் தலைநகரம் சுமார் 2 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு துண்டு நிலம். நம் ஊர்களில் ஒரு பெரிய வயல்வெளி அளவு. கட்டடங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தது போல் நிற்கின்றன. சந்துகளில் மோட்டார் சைக்கிள்கள் எறும்பு போல் ஊர்கின்றன. நடந்தே முழு நகரத்தையும் சுற்றி வந்துவிடலாம். நாமும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம்.

காதில் விழும் மொழி திவேஹி. சிங்களம் தெரிந்த ஒருவருக்கு அது முற்றிலும் அந்நியமாக இருக்காது. சிங்களத்தில் "எக, தெக, துன, ஹதர, பஹ" என்று எண்ணுவோம் அல்லவா? அவர்கள் "எகே, தே, தினே, ஹதரே, ஃபஹே" என்று எண்ணுகிறார்கள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த சகோதர மொழிகள் என்பது மொழியியலாளர்களின் முடிவு. பெயர்ப்பலகைகளில் இருக்கும் எழுத்தோ வேறு. அதற்குப் பெயர் தானா. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். அதன் முதல் ஒன்பது எழுத்துகளும் அரபு இலக்கங்களான 1 முதல் 9 வரையிலிருந்து உருவானவை. அடுத்த ஒன்பது எழுத்துகள் உள்ளூரின் பழைய இலக்கங்களிலிருந்து வந்தவை. இலக்கத்தை எழுத்தாக்கிய ஒரு சமூகம்!

இந்த எழுத்துக்கு ஒரு கதை உண்டு. 1976இல் அந்நாட்டு அரசு நிர்வாகத் தேவைக்காக லத்தீன் எழுத்தைப் புகுத்தியது. தந்தி இயந்திரங்களுக்கு அது வசதி என்பது ஒரு காரணம். இரண்டு வருடத்தில், 1978இல் ஆட்சி மாறியதும் தானா மீண்டும் அரியணை ஏறியது. அதனால் இன்றைக்கும் மாலேயில் ஒரு சிறுபிள்ளையால் தன் பூட்டன் எழுதிய கடிதத்தை வாசிக்க முடியும். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேரால் தம் பூட்டன் அரபுத் தமிழில் எழுதி வைத்ததை வாசிக்க முடியும்? கேள்வியை இங்கே போட்டுவிட்டு நடக்கிறோம். பின்னால் திரும்ப எடுப்போம்.

*ஒரு சொல்லில் சில புள்ளிகள்*

நகரத்தின் வடக்குக் கரையில் ஜும்ஹூரி மைதானம். பக்கத்தில் தங்க நிறக் குப்பாவுடன் 1984இல் திறக்கப்பட்ட பெரிய ஜும்ஆப் பள்ளி. அங்கிருந்து சில நிமிட நடையில் மெது ஸியாரத். நீல நிறக் கம்பிகளும் வெள்ளைச் சுவரும் கொண்ட ஒரு சிறிய ஸியாரம். மாலைதீவுக்கு இஸ்லாத்தைக் கொண்டுவந்த பெரியாரின் அடக்கஸ்தலம் என்று மதிக்கப்படும் இடம் இது.

மாலைதீவு மக்கள் ஹிஜ்ரி 548இல், அதாவது கி.பி. 1153இல் இஸ்லாத்தைத் தழுவினார்கள். அதற்கு முன் அவர்கள் பௌத்தர்கள். இப்னு பதூதா 1343ஆம் ஆண்டளவில் இங்கு வந்தபோது மக்கள் அவருக்கு ஒரு கதை சொன்னார்கள். மாதத்துக்கு ஒரு தடவை கடலிலிருந்து ஒரு பூதம் வரும். அதற்கு ஒரு கன்னிப் பெண்ணைப் பலி கொடுக்க வேண்டும். அபுல் பரகாத் என்ற ஒரு பயணி, அந்த முறை சீட்டு விழுந்த பெண்ணுக்குப் பதிலாகத் தான் போய், இரவு முழுக்கக் குர்ஆன் ஓதினார். பூதம் திரும்பி வரவேயில்லை. மன்னரும் மக்களும் முஸ்லிமானார்கள்.

கதையின் சரி பிழையை விடுவோம். வரலாற்று மாணவனுக்கு முக்கியமான விடயம் அடுத்தது. இப்னு பதூதா கேட்ட கதையோடு நின்றுவிடவில்லை. ஜும்ஆப் பள்ளியில் மரத்தில் செதுக்கியிருந்த வாசகத்தையும் தான் வாசித்ததாக எழுதுகிறார். அவர் வாசித்தது "அபுல் பரகாத் அல்பர்பரி". அதாவது அவருடைய சொந்த மக்ரிப் நாட்டுக்காரர், பெர்பர் இனத்தவர். ஆனால் மாலைதீவின் பழைய வரலாற்று நூலான தாரீஹை எழுதிய ஹஸன் தாஜுத்தீன் அந்தப் பெரியாரை "தப்ரீஸி" என்கிறார். அதாவது பாரசீகத்தின் தப்ரீஸ் நகரத்தவர்.

எப்படி இந்தக் குழப்பம்? குர்ஆன் மத்ரஸாவில் "அலிஃப், பே, தே" படித்த எவருக்கும் இது விளங்கும். பே, தே, யே எழுத்துகளில் புள்ளிகளை எடுத்துவிட்டால் சொல்லின் நடுவில் மூன்றும் ஒரே சிறு பல்தான். றேயும் ஸேயும் அப்படித்தான், ஒரு புள்ளிதான் வித்தியாசம். பழைய செதுக்கல்களில் புள்ளி போடாமல் விடுவது வழக்கம். பல்லொன்று கூடக் குறைய, புள்ளி சில இல்லாமல் போக, மொரோக்கோவும் ஈரானும் இடம் மாறிவிடுகின்றன! சோமாலியாக் கரையின் பெர்பெரா துறைமுகத்தவராக அவர் இருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு.

இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் விவாதிக்க ஒரு பலகை இருக்கிறதே, அதுதான் விடயம். மரத்தில் எவரோ ஒருவர் உளி பிடித்து ஒரு வரி செதுக்கி வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை அடுப்புக்கு விறகாக்கவில்லை. அதனால் இன்றைக்கும் ஆய்வாளர்கள் "இதை இப்படி வாசிக்க வேண்டும், அப்படி வாசிக்க வேண்டும்" என்று மல்லுக்கட்ட முடிகிறது. பலகை இல்லையென்றால் எஞ்சுவது பூதக் கதை மட்டும்தான்.

*ஸஃப் திரும்பி நிற்கும் பள்ளி*

மெது ஸியாரத்துக்குப் பக்கத்திலேயே ஹுகுரு மிஸ்கீ. "ஹுகுரு" என்றால் வெள்ளி, "மிஸ்கீ" என்றால் மஸ்ஜித். வெள்ளிக்கிழமைப் பள்ளி. சுல்தான் இப்ராஹீம் இஸ்கந்தர் 1658இல் கட்டி முடித்தது. முதல் முஸ்லிம் மன்னர் கட்டிய பள்ளி இருந்த அதே இடம். முன்னால் வெள்ளை நிறத்தில் உருண்டு திரண்டு நிற்கும் மினாரா 1675ஐச் சேர்ந்தது.

இந்தப் பள்ளியின் சுவர்கள் பவளப்பாறையால் ஆனவை. கடலுக்குள் இருக்கும் பாறையை, அது மென்மையாக இருக்கும்போதே வெட்டி எடுத்துக் கரையில் காயவைப்பார்கள். காயக் காய அது இறுகிக் கல்லாகும். பிறகு அதில் பூவேலைகளையும் எழுத்துகளையும் செதுக்கி, மரத்தச்சன் பலகை பொருத்துவது போல ஒன்றோடொன்று கொழுவிவிடுவார்கள். சாந்து கிடையாது, சீமெந்து கிடையாது. 360 வருடமாக நிற்கிறது. மாலைதீவின் இத்தகைய பவளக்கல் பள்ளிகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன.

உள்ளே கருமையும் சிவப்புமாக மெருகெண்ணெய் பூசிய மரவேலைப்பாடு. தலையை நிமிர்த்தினால் பார்வை இறங்க மறுக்கிறது. லுஹர் தொழுகைக்கு நின்றபோதுதான் ஒரு விடயம் கவனத்துக்கு வந்தது. கட்டடம் ஒரு பக்கம் பார்க்கிறது, ஸஃப் இன்னொரு பக்கம் பார்க்கிறது! பள்ளியின் அமைப்பு நேர் மேற்கை நோக்கியது. கிப்லாவோ அங்கிருந்து வடமேற்குப் பக்கம் சற்றுச் சரிந்தது. அதனால் விரிப்புகளைக் கோணலாக விரித்து, அறையின் மூலையை நோக்கித் தொழுகிறார்கள். இஸ்லாத்துக்கு முந்திய கோயிலொன்றின் அத்திவாரத்தின் மேல் எழுந்த பள்ளி என்பதால் இப்படி என்று மாலேயில் பரவலாகச் சொல்வார்கள்.

எவ்வளவு அழகான தீர்வு பாருங்கள்! கட்டடத்தை இடிக்கவில்லை. விரிப்பைத் திருப்பினார்கள். மார்க்கத்துக்குரியது மார்க்கத்துக்குக் கிடைத்தது, முன்னோர் கட்டியது முன்னோர் கட்டியபடியே இருந்தது. நம் ஊர்களில் "கிப்லா சற்று விலகியிருக்கிறது" என்ற காரணத்துக்காக எத்தனை பழைய பள்ளிகளின் தூண்கள் லொறியில் ஏறிப் போயிருக்கின்றன என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தோம்.

வெளியே மையவாடி. வரிசையாகப் பவளக்கல் மீசான்கள். உச்சி கூரானது என்றால் ஆணின் கப்று, உச்சி வளைவானது என்றால் பெண்ணின் கப்று. கடற்காற்று எழுத்துகளை அரித்திருந்தாலும் பூக்களும் கொடிகளும் இன்னும் தெரிகின்றன.

*மாலேயின் கதையில் கொழும்பு*

ஹுகுரு மிஸ்கீக்கு எதிரே முலீஆகே. இன்று ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இல்லம். மூன்றாம் ஷம்சுத்தீன் சுல்தான் முதலாம் உலகப் போர்க் காலத்தில் தன் மகனுக்காகக் கட்டியது. வெளியில் நின்று பார்த்ததும் நம்மில் ஒருவர் சொன்னார், "இது கறுவாத்தோட்டத்து பங்களா மாதிரி அல்லவா இருக்கிறது" என்று. அவர் சொன்னதில் விடயம் இருக்கிறது. அக்காலத்து இலங்கை பங்களாக்களின் பாணியில் கட்டப்பட்ட வீடுதான் அது.

இந்த உறவு கட்டடத்தோடு நிற்கவில்லை. போர்த்துக்கேயர் 1558இல் மாலேயைப் பிடித்தார்கள். சுல்தான் ஆறாம் அலி அந்தப் போரில் ஷஹீதானார். பதினைந்து வருடத்தின் பின் 1573இல் உதீமு தீவைச் சேர்ந்த முஹம்மத் தகுருஃபானு தன் சகோதரர்களோடு இரவில் படகில் வந்து தாக்கி நகரத்தை மீட்டார். மாலைதீவின் தேசிய தினம் இந்த வெற்றியைத்தான் நினைவுகூர்கிறது. கரையோர வீதிக்கும் பெரிய பள்ளிக்கும் அவருடைய பெயர்.

பின்னர் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையிலும், 1796இல் பிரித்தானியர் கையிலும் விழுந்தபோது, மாலைதீவு சுல்தான்கள் கொழும்புடன் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வருடா வருடம் சுல்தானின் தூதர் கடிதத்தோடும் அன்பளிப்போடும் கொழும்புக்கு வந்து ஆளுநரைச் சந்திப்பார். 1887 டிசம்பரில் மாலைதீவு பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் வந்த உடன்படிக்கையும் இலங்கை ஆளுநர் வழியாகவே நடந்தது. 1953இல் முதலாவது குடியரசின் ஜனாதிபதியான முஹம்மத் அமீன் தீதி கொழும்பில் பாடசாலைக் கல்வி கற்றவர். ஏன், மாலைதீவுக்குப் பூரண சுதந்திரம் வழங்கும் உடன்படிக்கை 1965 ஜூலை 26ஆம் திகதி கையெழுத்தானது மாலேயில் அல்ல, கொழும்பில், பிரித்தானிய உயர்ஸ்தானிகரின் இல்லத்தில்!

கசப்பான அத்தியாயமும் உண்டு. 1988 நவம்பர் 3ஆம் திகதி மாலேயில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குக் கூலிப்படையாகப் போனவர்கள் இலங்கையின் தமிழ் ஆயுத இயக்கமொன்றைச் சேர்ந்தவர்கள். இந்திய இராணுவம் வந்து அதை முறியடித்தது.

எதிர்த்திசைப் பயணத்தையும் மறக்கக் கூடாது. இப்னு பதூதா மாலேயில் காழியாக இருந்தார். அப்போது அந்த நாட்டை ஆண்டவர் கதீஜா என்ற அரசி. ஜும்ஆவுக்கு வராதோரைத் தண்டித்ததையும், பெண்களின் உடை விடயத்தில் தன் கட்டளை செல்லுபடியாகாமல் போனதையும் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1344இல் அங்கிருந்து கப்பலேறியவர் கரைசேர்ந்த இடம் நம் புத்தளம். அங்கு ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலைக்கும் போய் வந்தார். 14ஆம் நூற்றாண்டு இலங்கையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெறுமதியான நேரடிச் சாட்சிகளில் ஒன்று, மாலேயிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பலில்தான் வந்தது.

*உடைந்த கண்ணாடிப் பெட்டிகள்*

இனி வருவது நாம் எழுதத் தயங்கிய பகுதி. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

மாலே ஒரு காலத்தில் மதில் சூழ்ந்த நகரம். கொத்தளங்கள் இருந்தன, சுல்தான்களின் அரண்மனை இருந்தது. 1968இல் சுல்தான் ஆட்சி முடிந்து குடியரசு வந்ததும் நகரத்தைப் புதுப்பிப்பதாகச் சொல்லி அரண்மனையையும் கொத்தளங்களையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று அரண்மனை வளவின் ஒரு பகுதி சுல்தான் பூங்கா. நிழல் தரும் மரங்கள், வாங்குகள், விளையாடும் பிள்ளைகள். அரண்மனை எப்படியிருந்தது என்று கேட்டால் பழைய படங்களைத்தான் காட்ட வேண்டும்.

அந்தப் பூங்காவோடு ஒட்டியது தேசிய நூதனசாலை. அமீன் தீதி 1952இல் ஆரம்பித்து வைத்தது. இப்போதிருக்கும் பெரிய கட்டடம் 2010இல் திறக்கப்பட்டது. சுல்தான்களின் ஆடைகள், ஆயுதங்கள், கையால் எழுதிய குர்ஆன் பிரதிகள், மெருகெண்ணெய்ப் பெட்டிகள். நாட்டின் மிகப் பழைய எழுத்தாவணங்கள் லோமாஃபானு எனப்படும் செப்பேடுகள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. பௌத்த விகாரைகளின் இடத்தில் பள்ளிகள் எழுந்ததையும், அப்பள்ளிகளுக்கு மானியம் வழங்கியதையும் பதிவு செய்தவை. அவற்றின் எழுத்து தானா அல்ல. பழைய சிங்கள எழுத்தின் சாயல் கொண்ட இன்னொரு எழுத்து.

நூதனசாலையில் இன்னொரு சேகரிப்பும் இருந்தது. இஸ்லாத்துக்கு முந்திய காலத்துப் பவளக்கல் சிலைகள், புத்தரின் தலைகள். 2012 பெப்ரவரி 7ஆம் திகதி, ஜனாதிபதி பதவி விலகிய அந்தக் குழப்பமான நாளில், ஒரு கும்பல் உள்ளே புகுந்து அவற்றைத் தூள் தூளாக்கியது. அந்தக் காலச் சேகரிப்பு அனேகமாக முழுமையாகவே அழிந்துபோனது. பவளக்கல் உடைந்தால் ஒட்டுவது இலகுவல்ல.

உடைத்தவர்கள் சிலை உடைத்ததாக நினைத்திருப்பார்கள். அந்தச் சிலைகளை 850 வருடமாக எவரும் வணங்கவில்லை. வணங்க அந்நாட்டில் ஒருவரும் இல்லை. அவை வெறும் சாட்சிகள். தம் மூதாதையர் என்னவாக இருந்தார்கள், எதை விட்டுவிட்டு எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கான சாட்சிகள். 1153இல் ஒரு மாற்றம் நடந்தது என்று சொல்ல வேண்டுமானால், மாற்றத்துக்கு முன் இருந்ததையும் காட்ட வேண்டுமே! முன்சென்ற சமூகங்களின் சுவடுகளைப் பூமியில் பயணித்துப் பார்த்துப் படிப்பினை பெறும்படி அல்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. சுவடே இல்லையென்றால் எதைப் பார்ப்பது?

நமக்கு இதில் இன்னொரு கவனமும் தேவை. நம் நாட்டில் பௌத்த சகோதரர்களோடு பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்கிறோம். நம் பள்ளிகளுக்கும் ஸியாரங்களுக்கும் எவராவது சேதம் விளைவித்தால் நெஞ்சு பதறுகிறது. அதே பதற்றம் மாலேயின் உடைந்த கண்ணாடிப் பெட்டிக்கும் வர வேண்டும். அப்போதுதான் நம் நியாயம் நியாயமாக இருக்கும்.

இதில் ஒரு ஆறுதலும் உண்டு, அதுவும் கொழும்போடு சம்பந்தப்பட்டது. இலங்கையின் தொல்பொருள் ஆணையாளராக இருந்து ஓய்வுபெற்ற எச்.சி.பி. பெல் என்ற ஆங்கிலேயர் 1920இலும் 1922இலும் மாலைதீவு சென்று, பௌத்தகால இடிபாடுகளை அளந்து, வரைந்து, படமெடுத்து, செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் படித்தார். அவர் 1937இல் காலமானார். அவருடைய பெரிய நூல் 1940இல் கொழும்பில் அச்சானது. கல் உடையலாம். யாரோ ஒருவர் பொறுமையோடு எடுத்த குறிப்பு மிஞ்சும்.

*மாசியும் கடலும்*

பின்னேரம் வடக்குக் கரையின் மீன் சந்தைக்குப் போனோம். சூரை மீன்களைத் தரையில் அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்துக் கடைகளில் மாசி. திவேஹியில் மீனுக்கு "மஸ்". நம் வீட்டு மாசிச் சம்பலில் இருக்கும் "மாசி" அந்தச் சொல்லின் உறவுதான் என்பார்கள். நூற்றாண்டுகளாக மாலைதீவுப் படகுகள் மாசியும் கயிறும் சோகியும் ஏற்றிக்கொண்டு நம் கரைக்கு வந்து, அரிசியும் பாக்கும் துணியும் ஏற்றிக்கொண்டு திரும்பின. அந்தச் சோகிகள் வங்காளத்தில் காசாகப் புழங்கியவை. இந்த வியாபாரத்தின் எந்தக் கணக்குப் புத்தகம் நம் கரையோர ஊர்களில் எஞ்சியிருக்கிறது? நம் மூத்தாப்பாமார் அந்தப் படகுகளை எதிர்பார்த்துத் துறையில் நின்றவர்கள்தானே.

மாலை மங்கும் நேரம் மீண்டும் பாலத்தைக் கடந்து, விமான நிலையத்தையும் தாண்டி ஹுல்ஹுமாலேக்குப் போனோம். 1997இல் கடலை நிரப்பத் தொடங்கி உருவாக்கிய செயற்கைத் தீவு. அகலமான வீதிகள், புதிய மாடிவீடுகள். மாலேயில் இடம் போதாமல் மக்கள் இங்கே குடியேறுகிறார்கள். மாலைதீவின் நிலம் கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீற்றர் உயரம்தான். 2004 சுனாமி அவர்களையும் நம்மையும் ஒரே காலைப்பொழுதில் அடித்தது. நாளைக்கு நிலம் இருக்குமா என்ற கேள்வியோடு வாழும் மக்கள் அவர்கள். அப்படியிருந்தும் அந்தப் பவளக்கல் பள்ளியைப் பராமரிக்கிறார்கள், தானாவைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். சில இடங்களில் தவறவும் விட்டார்கள். இரண்டும் நமக்குப் பாடம்.

*நம் கல் எங்கே?*

இப்போது நம் பக்கம் வருவோம். நம்மிடம் சாட்சியே இல்லையா? இருக்கிறது. கொழும்பின் பழைய முஸ்லிம் மையவாடியிலிருந்த, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கூஃபி எழுத்து மீசான் கல்லொன்றைப் பற்றி நமக்குத் தெரியும். எப்படித் தெரியும்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதன் வாசகத்தைப் பிரதியெடுத்து வெளியிட்டபடியால்.

காலியில் 1911இல் ஒரு கல் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் 1409இல் செதுக்கியது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நிறுத்தியது. அதன் பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் புகழ்கிறது. அக்காலத்தில் இந்தக் கரையில் வேரூன்றிய ஒரு முஸ்லிம் சமூகம் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஆனால் கண்டெடுக்கும்போது அது எங்கே கிடந்தது தெரியுமா? ஒரு வாய்க்காலுக்கு மூடியாக! ஐந்நூறு வருடச் சாட்சியின் மேல் ஆட்கள் நடந்து போயிருக்கிறார்கள்.

இரண்டையும் பதிவு செய்தவர்கள் வெளியார். நம் கையால் நாம் பதிவு செய்தது எவ்வளவு? பள்ளியைப் பெருப்பிக்கும்போது பழைய மரத்தூண் போகிறது, டைல்ஸ் வருகிறது. மையவாடி துப்புரவாக்கும்போது எழுத்துள்ள மீசான் வேலிக்கல்லாகிறது. மூத்தம்மா மௌத்தானதும் அவருடைய பெட்டியிலிருந்த அரபுத் தமிழ் ஏடுகளை "யாருக்கும் வாசிக்கத் தெரியாது" என்று கடலிலோ கிணற்றிலோ விடுகிறோம். கண்ணியப்படுத்தத்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் போனது போனதுதான். பள்ளியைப் பெருப்பிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஜமாஅத் பெருகினால் இடம் வேண்டும். மாலேயும் பெரிய பள்ளி கட்டியது. ஆனால் பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டியது.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். பெரிய நிதியோ சங்கமோ தேவையில்லாத வேலைகள்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய பகுதியை, கதவை, தூணை, ஹவ்ழை, கல்லில் உள்ள எழுத்தை இந்த வாரமே கைபேசியில் படமெடுங்கள். இடம், திகதி எழுதி வையுங்கள்.

மையவாடியில் எழுத்துள்ள மீசான் எதுவும் கண்ணில் பட்டால் அதை அசைக்காமல் படமெடுத்து, நிர்வாக சபைக்குச் சொல்லுங்கள்.

வீட்டிலிருக்கும் பழைய காணி உறுதி, நிக்காஹ் பதிவு, கணக்குக் கொப்பி, அரபுத் தமிழ்க் கையெழுத்து எதையும் வீசுவதற்கு முன் ஒரு ஆசிரியருக்காவது ஆலிமுக்காவது காட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கிய பிறகு முடிவெடுக்கலாம்.

எண்பது வயதைத் தாண்டிய மூத்தாப்பா, மூத்தம்மா இருந்தால் அரை மணித்தியாலம் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். மாசிப் படகு வந்த கதை அவர்களிடம் இருக்கும்.

அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, விடுமுறையில் பத்துப் பிள்ளைகளை அவர்கள் முன் உட்கார வைப்போம். திவேஹிப் பிள்ளைகளால் முடிகிறதென்றால் நம் பிள்ளைகளாலும் முடியும்.

"எப்போது வந்தீர்கள்?" என்ற கேள்வி இனியும் வரும். கோபப்பட்டுப் பதில் சொல்வதை விட, "வாருங்கள், காட்டுகிறோம்" என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப்போக ஒரு கல், ஒரு பலகை, ஒரு கொப்பி நம்மிடம் இருந்தால் அதைவிடக் கண்ணியமான பதில் இல்லை.

உங்கள் ஊரில் அப்படி எது இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். படம் இருந்தால் அதையும் போடுங்கள். ஒரு பட்டியலை இன்றைக்கே ஆரம்பிப்போம், இன்ஷா அல்லாஹ்.